கம்பியும் தாப்பா அதிகாரியும்

அத்தை எங்கள் வீட்டுக்கு மேலே கம்பி கட்டிய நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பெட்டைக்கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. கம்பிக்கும் கோழிக்கும் தொடர்பில்லை என்று எங்கள் வரிசையில் நினைத்தவர்கள் மூன்றே பேர். அத்தை, நான், அப்புறம் கோழியைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ கருத்துச் சொல்லிப் பழக்கமில்லாத அப்பா. அம்மா எந்தப் பக்கம் என்பது அம்மாவுக்கே தெரியாது என்றுதான் அப்போது நான் நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. நாங்கள் மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு பழைய குட்டையின் கரையில் இருந்தோம். ஒரே வரிசையில் பலகை வீடுகள், தகரக் கூரை, பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. வரிசையில் இருந்த எல்லாக் குடும்பங்களும் ஆயர் தாவார் பக்கத்தில் ஒரே கித்தா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது சேர்ந்தே கிளம்பி, சேர்ந்தே குடியேறினோம். துரை கப்பலேறிவிட்டார். கணக்கெழுதிய கிராணி சித்தியவானில் கடை வைத்துவிட்டார். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆனால் மண்டோர் மட்டும் மண்டோராகவே எங்களோடு வந்துவிட்டார். காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்ப அவருக்கு இனி ஆளில்லை. எனவே கோயில் கமிட்டிக்குத் தலைவரானார், கல்யாணப் பேச்சுகளில் முன்னால் உட்கார்ந்தார், யார் வீட்டுக் கழிவுநீர் யார் பக்கம் ஓடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். வரிசையின் முதல் டிவியும் அவர் வீட்டில்தான் இருந்தது. அவருடைய அதிகாரத்தில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. தாப்பா என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்தின்போது எனக்கு அம்மை போட்டிருந்ததால் என்னை யாரிடமோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. திடீரென்று ஒரு மழை நாளில் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். "அத்தை லீவுல வந்திருக்கா" என்றாள் அம்மா. எனக்கு லீவு என்றால் பள்ளிக்கூட லீவுதான். அதற்கு ஒரு முடிவு உண்டு. அத்தையின் லீவு முடிகிற மாதிரித் தெரியவில்லை.

கணவன் வீட்டிலிருந்து திரும்பும் பெண் எப்படி வர வேண்டும் என்பதற்கு எங்கள் வரிசையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வாசலிலேயே அழ வேண்டும். நாலு பேர் ஓடி வந்து காரணம் கேட்க வேண்டும். அவள் பாதி சொல்லி மீதியை மூக்கைச் சிந்தி முடிக்க வேண்டும். அத்தை இதில் எதையும் செய்யவில்லை. ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போர்வையில் சுற்றிய கனமான இரும்புப் பெட்டி ஒன்றைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "தள்ளுங்க, தள்ளுங்க, கீழ போட்டா வால்வு போயிரும்" என்று நேராக உள்ளே போனாள். வரிசை அவளை மன்னிக்காமல் போனதற்கு அந்த முதல் வாக்கியமே போதும்.

பெட்டிக்குள் இருந்தது ரேடியோ. சாதாரண ரேடியோ இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அத்தை ஈப்போவில் ஒரு சீன முதலாளியின், எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடுபவரின், ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தவள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கவும், தந்தி மொழியில் புள்ளியும் கோடுமாக வரும் ஓசையைக் காதால் கேட்டு எழுதவும் அங்கே கற்றுக்கொண்டிருந்தாள். எந்தக் காலத்திலோ ஒரு தோட்டத்துத் துரை பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்காமலே சீமைக்குப் போய்விட்ட பெட்டி அது. தாப்பாவிலிருந்து கிளம்பிய அத்தை முதலில் போனது அண்ணன் வீட்டுக்கு அல்ல, அந்தக் கடைக்குத்தான். தவுக்கே எதுவும் கேட்கவில்லையாம். இந்தப் பெட்டியையும், ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து பிரதி எடுத்த இரண்டு தாள்களையும் கொடுத்தாராம்.

வந்த வாரமே, வரிசை எழாத ஒரு விடியலில், கூரை முகட்டுக்கும் வாசல் ரம்புத்தான் மரத்துக்கும் நடுவே செப்புக் கம்பி ஏறிவிட்டது.

உலகத்தில் எங்கெங்கோ, சொந்த வீட்டில் இருந்தபடி ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூடி ஒரு சிறிய செயற்கைக்கோளைச் செய்து, பெரிய ராக்கெட் ஒன்றில் ஓரமாக இடம் கேட்டு மேலே அனுப்பியிருந்தார்கள். அது காலையிலும் இரவு சாப்பாட்டு வேளையிலும் எங்கள் தலைக்கு மேலே போகும். போகும்போது தன்னைப் பற்றிய விவரத்தை எண்களாக, தந்தி மொழியில் சொல்லிக்கொண்டே போகும். கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், காதும் கம்பியும் இருந்தால் போதும் என்றாள் அத்தை. எனக்கு அது பொய் என்றுதான் பட்டது. வானத்தில் போகிற ஒன்று, குட்டைக்கரையில் இருக்கிற எங்களோடு எதற்குப் பேச வேண்டும்?

முதல் தடவை கேட்ட காலை இன்னும் நினைவிருக்கிறது. பள்ளி விடுமுறை. தகரத்தில் தூறல் விழுவது போல ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. அத்தை குமிழை நூலளவு திருப்பினாள், இன்னும் நூலளவு. இரைச்சலுக்கு அடியிலிருந்து கொசுவின் குரல் போல ஒன்று எழுந்தது. டிட்டிட்டிட்டிட், டிட்டிட். "ஹை-ன்னு சொல்லுது பாரு" என்றாள் அத்தை. உடனே நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக் கையாட்டினேன். அத்தை சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் அவள் எதற்கும் சிரிக்க மாட்டாள்.

ஹை சொன்ன பிறகு எண்கள் வரும். தந்தி மொழியில் எண்களுக்குப் பத்தே குறிகள்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்துகொண்டிருந்த எனக்கு அந்தப் பத்தும் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. மும்மூன்று இலக்கமாக வரும். முதல் இலக்கம் அது எந்த வரிசை என்பதைச் சொல்லும். மீதி இரண்டும் அளவு. ஆனால் அதை அப்படியே படிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. ஒன்றைப் பெருக்க வேண்டும், ஒன்றை வேறொன்றிலிருந்து கழிக்க வேண்டும். அந்தக் கணக்குகள்தான் தவுக்கே கொடுத்த தாள்களில் இருந்தன. செயற்கைக்கோள் நெருங்கி வரும்போது குரல் சற்று உயர்ந்திருக்கும், தாண்டிப் போகும்போது தார்ச் சடக்கில் கடந்து போகும் லோரியின் ஹாரன் போல மெல்ல இறங்கும். அது மலைக்குப் பின்னால் மறைந்ததும் அத்தையும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். சூரியத் தகடுகள் எவ்வளவு மின்சாரம் தருகின்றன, பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது, அதற்கு எவ்வளவு சூடு என்று ஒவ்வொன்றாக வெளிவரும். "இன்னிக்குக் கொஞ்சம் சூடு ஜாஸ்தி" என்று அத்தை சொன்னால், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலிருக்கும். அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "ஊட்டுல அரிசி எவ்ளோ இருக்குன்னு கேளு, ரெண்டு பேருக்கும் தெரியாது" என்பாள்.

அம்மா அப்படி முணுமுணுக்காத நாளில்லை. ரேடியோவால் மேசையில் இடமில்லை, கம்பியால் மரத்தில் காக்கை உட்காருவதில்லை, பெண்பிள்ளை படிப்பைக் கெடுக்கிறாய். வரிசையில் உள்ள பெண்களிடமும் அம்மா இதையே புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். அம்மா எதிரிகளோடு சேர்ந்துவிட்டாள் என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது.

கோழியில் தொடங்கிய குற்றச்சாட்டு வேகமாக வளர்ந்தது. மழை தவறினால் கம்பி. மழை கூடினாலும் கம்பி. ஒரு கிழவருக்குக் காதில் இரைச்சல் வந்தது, அதற்கும் கம்பி. கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்திருக்க, தோட்டத்தில் முள்வேலிக்குள் அடைபட்டிருந்த அவசரகாலத்தை மறக்காத ஒருவர், "காட்டுல இருக்குறவனுக்குச் சேதி அனுப்புறாளோ என்னமோ" என்று ஆரம்பித்து வைத்தார்.

டிவி கெட்ட மாலையில் விஷயம் முற்றியது. வாரத்துக்கு ஒரு தமிழ்ப்படம் போடுவார்கள். வரிசை முழுவதும் மண்டோர் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். கதாநாயகி அழத் தொடங்கிய கட்டத்தில் படம் புள்ளி புள்ளியாகக் கலைந்து போனது. யாரும் டிவியைப் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் எங்கள் கூரையின் பக்கம் திரும்பின. மண்டோர் எழுந்து வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"மரியாதையா கம்பிய எறக்கு."

"நான் எதயும் அனுப்பல. கேக்கத்தான் செய்றேன்" என்றாள் அத்தை. "நான் காது வச்சுக் கேட்டா ஒங்க ஊட்டுப் பேச்சு நின்னு போவுமா? அதுவும் பெட்டிய அணைச்சு வச்சிருக்கேன். வந்து பாருங்க."

"அணைச்சு வச்சாலும் அது காத்துல உள்ளத இழுக்கும்லா" என்றார் மண்டோர். கூட்டம் ஆமாம் என்றது. அத்தை கதவைச் சாத்தினாள். மறுநாள் டவுனிலிருந்து ஆள் வந்து எதையோ மாற்றி டிவியைச் சரிசெய்துவிட்டுப் போனார். கம்பிமேல் இருந்த குற்றம் மட்டும் சரியாகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் கோயிலிலிருந்து திரும்பியபோது செப்புக் கம்பி துண்டு துண்டாகக் கால்வாயில் கிடந்தது. மறுபடியும் பற்றவைக்க முடியாதபடி கவனமாக நறுக்கியிருந்தார்கள். அப்பா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "விட்டுடேன்மா. எதுக்கு வம்பு" என்றார். அத்தை படுக்கப் போய்விட்டாள். நான் தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

காலையில் எழுந்து பார்த்தால், பின்கட்டில் கட்டியிருந்த அம்மாவின் துணிக்கொடியைக் காணோம். நல்ல நீளமான இரும்புக் கம்பி அது. அத்தை அதை அளந்து நறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் பூகம்பம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அம்மா ஈரத்துணிகளை வேலிமேல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை அத்தை விடியலில் செய்யவில்லை. எல்லாரும் வாசலில் இருக்கும் நேரமாகப் பார்த்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரம்புத்தான் மரத்தில் ஏறினாள். கல்யாணமான பெண் பட்டப்பகலில் மரம் ஏறுவதை எங்கள் வரிசை அதுவரை கண்டதில்லை. ஒரு கிளை, அதற்கு மேல் ஒரு கிளை. அறுத்தவன் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு, அங்கிருந்தே சத்தமாக, "தெரியுதா?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாள் என்று நினைத்து, "நல்லாத் தெரியுது அத்தை" என்றேன்.

அடுத்த வாரம் ஒரு மாலை மண்டோர் அப்பாவைச் சடக்கோரத்தில் நிறுத்திப் பேசினார். நான் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"தாப்பாவுக்குச் சொல்லிவிட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம ஆள் வருது. வந்து பாத்தா ஒனக்குத்தான் கேவலம். அதுக்குள்ள கம்பிய எறக்கிடு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் கொஞ்ச நாளாகவே தாப்பா என்ற சொல் கதவுக்குப் பின்னால் அடிபட்டுக்கொண்டிருந்தது. தாப்பாவுக்கு என்ன பதில் சொல்றது, தாப்பா சும்மா விடுமா. மாமா என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. நான் ஒருமுறை கேட்டதற்கு, "மாமா பஸ்ஸுல வேலையா இருக்காரு" என்று முடித்துவிட்டார்கள். ஆக, தாப்பாவில்தான் கம்பிகளுக்கான அரசாங்க அலுவலகம் இருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். பள்ளியில் மண்டோரின் பேத்தி வேறு, "லைசன் இல்லாத ரேடியோவ ஆபீசர் வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு. ஒங்க அத்தையயும் சேத்து" என்று சொல்லியிருந்தாள். அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்க ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் லைசன் எடுக்க வேண்டும். அத்தை தன் பெயரிலேயே போய் எடுத்து வந்திருந்தாள். சாமி படத்துக்குப் பின்னால் அது இருக்கிறதா என்று சனிக்கிழமை முழுவதும் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலிலிருந்து நாற்காலிகள் வந்தன. மண்டோர், கமிட்டியில் இரண்டு பேர், அவர்களோடு நான் எதிர்பார்த்த ஆபீசர். சந்தேகமே இல்லை. காக்கி உடுப்பு, சட்டைப் பையில் பேனா, நெஞ்சில் வட்டமான பித்தளை வில்லை. அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். அத்தை கதவோரம் நின்றாள். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. கோப்பியும் போடவில்லை. வந்தவர்களைப் பசியாறச் சொல்லாமல் எங்கள் வீடு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

ஆபீசர் கம்பியை அண்ணாந்துகூடப் பார்க்காதது எனக்கு முதல் ஆச்சரியம். அவருடைய புகார் ஒரு கதவைப் பற்றியதாக இருந்தது.

"நான் வேலைக்குப் போயிட்டு வாரேன். வந்து பாத்தா வாசக் கதவு செவுத்துல சாஞ்சு நிக்குது. கீலு, ஸ்குரு எல்லாத்தையும் கழட்டி ஒரு பால்டின்னுக்குள்ள போட்டு வச்சிருக்கா. பக்கத்து ஊட்டு ஆளுங்க பூரா நின்னு வேடிக்க பாக்குறானுங்க. எனக்கு எப்படி இருக்கும்?"

"தப்புத்தான்" என்றார் மண்டோர். "பூட்டுனது இவரு இஷ்டம். அதுக்காகக் கதவயே கழட்டுறதா?"

எந்தக் கதவு, யார் கழற்றியது, ஒன்றும் புரியவில்லை. பேச்சு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, முக்கியமான விஷயத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது. உள்ளே ஓடினேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தாளை உருவிக்கொண்டு வந்து ஆபீசரின் மடியில் வைத்தேன்.

"இந்தாங்க. எங்க அத்தைக்கு லைசன் இருக்கு. இந்த வருசத்துக்குக் கட்டியாச்சு. நீங்க ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் தாளை எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நிஜமான ஆபீசர்தான் என்று எனக்கு உறுதியானது. கமிட்டிக்காரர் ஒருவர் இருமினார். இன்னொருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

அப்போது அத்தை சிரித்தாள். வந்த நாளிலிருந்து சிரிக்காதவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு முட்டச் சிரித்தாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. ஆபீசரின் முகம் கறுத்துவிட்டது.

"பாத்தீங்களா? சிரிக்கிறா பாருங்க."

"புள்ளைய உள்ள போகச் சொல்லு" என்று மண்டோர் அதட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய நாளில் வேலைக்கு ஆள் பிரிக்கிற குரலில் தீர்ப்பைச் சொன்னார். "ரெண்டே பேச்சு. கம்பிய எறக்கு. பெட்டிய வித்துரு. இவரு கூப்பிட வந்ததே பெரிசு. இன்னிக்கே தாப்பாவுக்குக் கெளம்பு. நாளைக்கு எங்க ஊட்டுப் பொண்ணுங்களும் ஒன்னயப் பாத்து ஸ்குரு கழட்டக் கத்துக்கிட்டா நாங்க என்னா பண்றது?"

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுவர்க்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"நேரமாச்சு" என்றாள்.

"எங்க போற? பேசிட்டு இருக்கோம்லா?"

"நீங்க பேசுங்க. நான் கேக்க வேண்டியது வேற இருக்கு."

உள்ளே போய் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரேடியோவைப் போட்டாள். வழக்கமாக மெதுவாக வைப்பாள். அன்று குமிழைக் கடைசிவரை திருப்பினாள். இரைச்சல் வீட்டை நிறைத்து வாசலில் வழிந்தது. தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும் சபைக்கு முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்ததை வரிசை வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. நான் பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். டிட்டிட்டிட்டிட், டிட்டிட். வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்ததில் பாதிதான் என் காதில் விழுந்தது. எனக்கு எண்கள் முக்கியம். மீதியைப் பல வருடம் கழித்து அம்மா நடித்தே காட்டினாள். மண்டோர் அப்பாவைப் பார்த்து, "ஒன் தங்கச்சி. நீ என்னாய்யா சொல்ற?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "நான் என்ன சொல்ல. எனக்கு அவ தங்கச்சி. கதவப் பூட்டுறவரு எனக்கு யாரும் இல்ல" என்று சொல்லியிருக்கிறார். அப்பா தன் வாழ்நாளில் சபையில் பேசியது அவ்வளவுதான். மண்டோருக்கு அது தாங்கவில்லை. கமிட்டிக்காரர் ஒருவரிடம், "ஏணிய எடு. அந்தக் கம்பிய அறுத்து எறி" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தது அப்போதுதான். இது எனக்கும் கேட்டது. குட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"எவன் ஏணி வைக்கிறான்னு பாக்குறேன். அது என் துணிக்கொடி. நாந்தான் அறுத்துக் குடுத்தேன். எங்க ஊட்டுக் கொடியில நான் சேல காயப்போடுவேன், இல்ல வானத்துல போறதக் காயப்போடுவேன். ஒங்களுக்கு என்னா?"

"ஏம்மா, நீயே தெனமும் இந்தக் கம்பியத் திட்டுனவதான?" என்றார் மண்டோர்.

"திட்டுவேன். எங்க ஊட்டுப் பொண்ண நான் திட்டுவேன். நீங்க ஏன் திட்டுறீங்க?" அப்படியே காக்கி உடுப்பின் பக்கம் திரும்பினாள். "வெளிய பூட்டிச் சாவியப் பையில போட்டுக்கிட்டுப் போறதுக்குப் பொண்ணு எதுக்குங்க? மாடு வாங்கிக் கட்டுங்க. அதுக்கு ஸ்குரு கழட்டத் தெரியாது."

நான்காவது வரிசை எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது நாற்காலிகள் உராயும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். லைசன் தாள் காலியான நாற்காலியில் கிடந்தது.

அந்த வருடம் கோயில் திருவிழாவில் எங்கள் குடும்பத்து உபய நாளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வீட்டு விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அம்மா வாசலிலேயே பானை வைத்துப் பொங்கினாள், வரிசை முழுவதும் புகை போகும்படி. கம்பி இறங்கவில்லை. அத்தை தாப்பாவுக்குப் போகவில்லை. கொஞ்ச காலத்தில் தவுக்கேயின் கடையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்து, பிறகு கடைக்கு மேலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். அந்த அறையின் கதவுக்கு அவளே தாழ்ப்பாள் வாங்கி உள்பக்கம் பொருத்தினாள். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தச் செயற்கைக்கோள் பேசுவதை நிறுத்திவிட்டது. அத்தை வேறொன்றைத் தேடிக்கொண்டாள்.

ஒரு துண்டுத் தாளைக் காட்டி ஆபீசரையே விரட்டியவள் என்று பல வருடம் நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். இடைநிலைப் பள்ளியில் இருந்தபோது கேமரன் மலைக்கு எங்களைச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். தாப்பாவில் பஸ் மாறினோம். காக்கி உடுப்பில் ஒருவர் ஏறி டிக்கெட் சோதித்துக்கொண்டு வந்தார். என் டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்த நொடியில்தான், மலைப்பாதை தொடங்குவதற்கு முன்பே, எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அத்தையின் கல்யாணத்தை, பூட்டிய கதவை, மாமா வேலைக்குப் போகும் நாளெல்லாம் ஜன்னல் வழியாகக்கூட யாரோடும் பேசக் கூடாது என்றிருந்த வீட்டை, அம்மா அன்றுதான் சொன்னாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வந்தவர்கள் போன பிறகும் செயற்கைக்கோள் மலைக்குப் பின்னால் மறைந்திருக்கவில்லை. குரல் இறங்கத் தொடங்கியிருந்தது. அத்தை குமிழைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ரேடியோவுக்கு முன்னால் முதன்முறையாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, அது என்னாதான் சொல்லுது?"

"ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள் அத்தை. "நான் இன்னும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுது."

"அத யாருகிட்ட சொல்லுது?"

"யாராச்சும் கேட்டா போதும்னு சொல்லுது."

அம்மா அத்தையின் முதுகில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த அத்தையே இப்படித் தப்பாகச் சொல்லலாமா? "இல்லம்மா" என்று குறுக்கே பாய்ந்தேன். "அது அப்படியெல்லாம் சொல்லாது. அது மொத்தம் இருபத்து நாலு வெசயம் சொல்லும்." கையிலிருந்த தாளைப் பார்த்து, முதல் சூரியத் தகடு, இரண்டாம் சூரியத் தகடு, பேட்டரி, பேட்டரியின் சூடு என்று ஒவ்வொன்றாக, உரத்த குரலில், தப்பில்லாமல் ஒப்பிக்கத் தொடங்கினேன். இரண்டு பேரும் என்னை நிறுத்தவில்லை. இருபத்து நாலையும் சொல்லி முடிக்கும்வரை விட்டுவிட்டார்கள்.